பக்கவாதத்துக்குப் பிறகு வளர்ச்சிக் காரணி மருந்துகள்: எந்த நேரத்தில், எந்த வேலைக்கு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் பெரியம்மா ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து, வாசல் தெளிக்கச் செம்பை எடுத்தார். செம்பு கையில் நிற்கவில்லை. விழுந்ததை எடுக்கக் குனிந்தபோது வலது கை விரல்கள் மூடவே இல்லை. வாயும் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஏழு மணிக்கெல்லாம் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டோம். அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது ரத்த அழுத்தத்தைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ அல்ல. "இவங்க நல்லா இருந்ததை நீங்க கடைசியா பாத்தது எத்தனை மணிக்கு?" என்றார். "காலையில அஞ்சு மணிக்குத்தான் டாக்டர் இப்படி ஆச்சு" என்றார் அண்ணன். "ஆனது எப்போன்னு கேக்கல அண்ணே, நல்லா இருந்தது எப்போ?" முந்தைய இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் படுக்கப் போனதுதான் நாங்கள் கடைசியாகப் பார்த்தது. தூக்கத்தில் மூளை ரத்தக் குழாயில் எப்போது அடைப்பு ஏற்பட்டது என்று தெரியாதபோது, படுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு. ஒன்பதரை மணி நேரம் ஆகிவிட்டதாகக் கொண்டு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடியாது என்றார்கள்.

மூன்றாம் நாள் உறவினர் ஒருவர், மூளை நரம்பை வளரவைக்கும் ஊசி ஒன்று இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அண்ணன் என்னிடம் கேட்டார்: "அதை மொத நாளே போட்டிருந்தா அம்மாவுக்குக் கை வந்திருக்குமா?" அந்தக் கேள்விக்கு உரிய பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முதல் நாளே போட்டிருந்தால் கை வந்திருக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்த வகை மருந்துகளில் சிலவற்றை முதல் நாளில் கொடுத்தால் மூளைக்குக் கெடுதல் என்றும், அதே மருந்தைச் சில நாள் கழித்துக் கொடுத்தால் நன்மை என்றும் விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, பக்கவாதம் வந்த மூளைக்குள் ஓடும் கடிகாரம் ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் கடிகாரம் நிமிடக் கணக்கில் ஓடுவது. நல்ல நிலையில் உள்ள மூளைத் திசுவுக்கு 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் கிடைக்கிறது. குழாய் அடைபட்டு அது 20 மில்லிக்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்துகின்றன. 10 மில்லியை நெருங்கினால் சாகத் தொடங்குகின்றன. அடைப்பின் நடுப்பகுதி விரைவில் செத்துவிட, அதைச் சுற்றியுள்ள பகுதி, சாகவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை என்ற நிலையில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. மருத்துவர்கள் பெனும்ப்ரா என்று அழைப்பது இந்தப் பகுதியைத்தான். அவசர சிகிச்சை முழுவதும் இதைக் காப்பாற்றுவதற்காகவே நடக்கிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது.

இந்தக் கடிகாரத்தைத் துரத்தித்தான் கடந்த முப்பது ஆண்டு சிகிச்சை முன்னேறியிருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பயன் உண்டு என்று 1995ல் நிறுவப்பட்டது. 2008ல் அந்த வரம்பு நாலரை மணி நேரமாக நீண்டது. தொடை வழியாகக் குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறை 2015ல் உறுதிப்பட்டது. 2018ல், பெனும்ப்ரா இன்னும் மிஞ்சியிருப்பதைப் படம் எடுத்துக் காட்ட முடிந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட அது உதவும் என்று தெரிந்தது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தூரம் இருபது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்தில் ஒருவருக்குக் கை விழுந்தால், பக்கத்து ஊர் மருத்துவரிடம் ஒரு குளுக்கோஸ், பிறகு வாடகைக் கார், பிறகு நாற்சாலைச் சந்திப்புகள் என்று, சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுவதற்குள் நாலரை மணி நேரம் கழிந்துபோவது எளிது. எனவே வலி இல்லாவிட்டாலும், தானாகச் சரியாகும் என்று தோன்றினாலும், 108ஐ அழைத்து நேரே ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இரண்டாவது கடிகாரம் நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஓடுவது. செத்த பகுதியின் ஓரத்தில் உயிரோடு மிஞ்சிய நரம்பணுக்கள் புதிய கிளைகளை விடுகின்றன, புதிய இணைப்புகளைத் தேடுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. இழந்த வேலையைப் பக்கத்துப் பகுதி கற்றுக்கொள்கிறது. உடலே இதைத் தொடங்குகிறது, உடலே சில மாதங்களில் இதை மெல்ல நிறுத்தியும் விடுகிறது. வளர்ச்சிக் காரணிகள் என்று அழைக்கப்படும் புரதங்களுக்கு இந்தப் பழுதுபார்ப்பில்தான் முதன்மையான வேலை.

வளர்ச்சிக் காரணிகளின் கதை கோழிக் கருவிலும் பாம்பு நஞ்சிலும் தொடங்குகிறது. நரம்பிழைகள் வளர ஏதோ ஒரு பொருள் தூண்டுகிறது என்பதை 1950களில் ரீட்டா லெவி-மொண்டால்சினி கோழிக் கருவில் கண்டார். அவரும் ஸ்டான்லி கோஹனும் அந்தப் பொருள் பாம்பு நஞ்சிலும் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் மிகுதியாக இருப்பதைக் கண்டறிந்து பிரித்தெடுத்தார்கள். அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986ல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். 1982ல் பன்றி மூளையிலிருந்து பி.டி.என்.எஃப். எனும் மற்றொரு காரணி பிரித்தெடுக்கப்பட்டது. பிறகு பட்டியல் நீண்டது. அவற்றுள் சில நம் வீடுகளுக்கு வேறு வழியில் அறிமுகமானவைதான்: டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும், கீமோதெரபிக்குப் பிறகு வெள்ளையணு ஏறப் போடும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. நரம்பணுவைச் சாகாமல் காக்கும், வளரவும் வைக்கும் என்றால் பக்கவாதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று ஆய்வாளர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது வி.ஈ.ஜி.எஃப். என்ற காரணியைப் பற்றி 2000ல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு. புதிய ரத்தக் குழாய்களை முளைக்கவைப்பது இதன் வேலை. அடைப்பு ஏற்பட்டு 48 மணி நேரம் கழித்து இதைக் கொடுத்தபோது, பெனும்ப்ராவில் நுண்குழாய்கள் பெருகின. எலிகள் கூடுதலாகத் தேறின. அதையே ஒரு மணி நேரத்தில் கொடுத்தபோது ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு கசிந்தது, செத்த பகுதிக்குள் ரத்தம் ஒழுகியது, சேதம் பெருகியது. இதில் முரண்பாடு ஏதும் இல்லை. புதிய குழாய் முளைக்க வேண்டுமானால் பழைய குழாயின் சுவர் முதலில் தளர வேண்டும். இந்தப் புரதம் 1983ல் முதன்முதலில் விவரிக்கப்பட்டதே, ரத்தக் குழாய்ச் சுவரைக் கசியவைக்கும் காரணி என்ற பெயரில்தான். இரண்டு நாள் கழித்துக் கட்டடம் எழுப்பத் தேவையான அந்தத் தளர்வு, முதல் மணி நேரத்தில் வெள்ளத்துக்கு மதகைத் திறந்துவிட்டதாக ஆகிவிடுகிறது.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்து நெல்வயல்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. மூழ்கிய பயிருக்கு யாரும் யூரியா வீசமாட்டார்கள். வீசினால் கரைந்து ஓடும். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும், வேர் மூச்சு விட வேண்டும், புதுக் குருத்து தெரிய வேண்டும். மேலுரம் அதற்குப் பிறகுதான். பயிரைவிட மூளை சிக்கலானது. ஏனென்றால், அங்கே தவறான நேரத்தில் இட்ட உரம் வீணாவதோடு நிற்பதில்லை.

பி.டி.என்.எஃப். விஷயத்தில் உள்ளே நடப்பது இன்னும் நுட்பமானது. ரத்தம் நின்ற உடனே நரம்பணுக்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கட்டுப்பாடின்றிக் கொட்டுகின்றன. அது பக்கத்து அணுக்களை அளவுக்கு மீறித் தூண்ட, அவற்றுக்குள் கால்சியம் பாய்கிறது. கால்சியம் கால்பெய்ன் என்ற நொதியை எழுப்பிவிடுகிறது. அந்த நொதி வெட்டித் தள்ளும் பொருள்களில் ஒன்று, பி.டி.என்.எஃப். வந்து பற்ற வேண்டிய ஏற்பியே. சாவித் துவாரம் உடைந்த பூட்டுக்கு எத்தனை சாவி கொடுத்தாலும் திறக்காது. போதாக்குறைக்கு, பி.டி.என்.எஃப். முதிராத வடிவில் இருக்கும்போது வேறோர் ஏற்பியைப் பற்றி, அணுவைப் பிழைக்கவைப்பதற்குப் பதிலாகச் சாவை நோக்கித் தள்ளவும் கூடும். இவற்றையெல்லாம் தாண்ட நினைத்தாலும், நரம்பு வழியாக ஏற்றிய பி.டி.என்.எஃப். ரத்தத்தில் சில நிமிடங்களே தங்குகிறது. மூளைத் தடுப்பைக் கடந்து உள்ளே போவது மிகச் சொற்பம்.

மூளைக்குள் உள்ள பி.டி.என்.எஃப்.-ஐயே கூடுதலாகச் சுரக்கவைக்கும் மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011ல் வெளிவந்தது. பக்கவாதம் ஏற்பட்டதுமே கொடுத்தால் சேதம் கூடியது. ஐந்து நாள் கழித்துத் தொடங்கியபோது முன்னங்கால் செயல் மேம்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அதே குழுவினர் வேறொரு வழியில் இதையே கண்டிருந்தார்கள்: அடைப்பைச் சுற்றியுள்ள பகுதி பக்கவாதத்துக்குப் பிறகு தன்னைத்தானே அடக்கிவைத்துக்கொள்கிறது; அந்த அடக்கத்தை மருந்தால் உடனே நீக்கினால் அணுக்கள் கூடுதலாகச் சாகின்றன, மூன்றாம் நாளிலிருந்து நீக்கினால் எலி தேறுகிறது. முதல் நாளில் அணுவைக் காத்த அதே அடக்கம், அடுத்த வாரம் அது கற்றுக்கொள்வதைத் தடுக்கிறது. எம்.எம்.பி.-9 என்ற நொதியிடமும் இதே இரட்டைக் குணம் தெரிந்தது. முதலில் அது தடுப்பைச் சிதைக்கிறது என்பதால் அதை அடக்குவது நல்லது. ஏழாம் நாளில் அடக்கினால், புதுக் குழாய்கள் உருவாகும் வேலையே கெடுகிறது.

மனிதரிடம் நடந்த சோதனைகளுக்கு வருவோம். எஃப்.ஜி.எஃப்.-2 என்ற காரணியை அடிப்படையாகக் கொண்ட மருந்தை ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 900 பேரிடம் சோதிக்கத் திட்டமிட்டு, பக்கவாதம் தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தார்கள். 286 பேரோடு அது நிறுத்தப்பட்டது. பயன் நிறுவப்பட வாய்ப்பில்லை என்று இடைக்கணக்கு சொன்னது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் இந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் இறக்கியது. அடைப்புக்கு அப்பால் சொட்டுச் சொட்டாகப் போகும் ரத்தத்தை நம்பி நிற்கும் பெனும்ப்ராவுக்கு முதல் மணி நேரங்களில் அது நல்லதல்ல. 2002ல் வெளியான அந்த முடிவுகளில் ஓர் ஓரத்துச் செய்தி உண்டு: குறைந்த அளவு மருந்தை, ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்கள் ஓரளவு நன்றாக இருந்ததாகத் தோன்றியது. சோதனை முடிந்த பின் பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் அதை நம்பி எதையும் கட்ட முடியாது. ஆனாலும் தாமதமாகக் கொடுத்தவர்களுக்குத்தான் பலன் என்ற குறிப்பு அவசர சிகிச்சையின் தர்க்கத்துக்கு நேர் எதிரானது என்பதால் என் கவனத்தைவிட்டு அது அகலவில்லை.

எரித்ரோபாய்ட்டின் எழுப்பிய நம்பிக்கை இதைவிடப் பெரிது. 2002ல் ஜெர்மனியில் 40 நோயாளிகளிடம், எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கி நடத்திய சிறிய சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. 2009ல் 522 பேரிடம், ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிய பெரிய சோதனை வெளிவந்தபோது பலன் இல்லை என்பதோடு, மருந்து பெற்றவர்களில் 16.4 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 9 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். அந்தச் சோதனையில் பாதிக்கு மேற்பட்டோர் கட்டியைக் கரைக்கும் ஊசியையும் பெற்றிருந்தார்கள். 2002க்கும் 2009க்கும் இடையே அந்த ஊசி பரவலாகிவிட்டிருந்தது. இரண்டும் ஒரே உடலில், ஒரே சில மணி நேரத்தில் சேர்ந்ததுதான் காரணமா என்ற ஐயத்தை ஆய்வாளர்களே எழுப்பினார்கள். ஜி-சி.எஸ்.எஃப். மருந்தை ஒன்பது மணி நேரத்துக்குள் தொடங்கி 328 பேரிடம் சோதித்த ஆய்வு 2013ல் வெளிவந்தது. அதிலும் பலன் இல்லை.

இந்த மூன்று மருந்துகளின் பெரிய சோதனைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஆறு, ஆறு, ஒன்பது மணி நேரம் என்ற வரம்புகள் கண்ணில் படுகின்றன. என் கணிப்பில் இது இரண்டுங்கெட்டான் நேரம். சாகும் அணுக்களைக் காப்பாற்றப் பலருக்குக் காலம் கடந்துவிட்டது. வளர்ச்சியைத் தூண்டக் காலம் வரவில்லை. எலிக்கு அடைப்பை ஏற்படுத்தும் ஆய்வாளருக்கு அது எத்தனையாவது நிமிடத்தில் நடந்தது என்று தெரியும்; அரை மணியில் மருந்தைக் கொடுத்துவிடுவார். என் பெரியம்மாவுக்கோ எந்த நேரத்தில் அது நடந்தது என்றே யாருக்கும் தெரியாது. பழுதுபார்க்கும் மருந்தைக் காப்பாற்றும் மருந்தின் கடிகாரத்தில் ஓடவிட்டதே இந்தத் தோல்விகளின் ஒரு பகுதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் தாமதமாகத் தொடங்கினாலே போதும் என்ற முடிவுக்கும் போய்விடக் கூடாது. கர்ப்பகாலத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. இயக்குநீரை முதல் சில நாட்களிலும், எரித்ரோபாய்ட்டினை ஏழாம் நாளிலிருந்தும் வரிசையாகக் கொடுக்கும் ஒரு சோதனை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டது. முதலில் புது அணுக்களைப் பெருக்குவது, பிறகு அவற்றை நரம்பணுக்களாக முதிரச் செய்வது என்பது அதன் எண்ணம். எரித்ரோபாய்ட்டினின் 2009ஆம் ஆண்டு முடிவுகள் எழுப்பிய அச்சத்தால் மருந்தளவு குறைக்கப்பட்டது. 96 பேரோடு முடிந்த அதில் பலன் தெரியவில்லை. பன்றி மூளையிலிருந்து எடுக்கும் புரதத் துணுக்குகளின் கலவையான செரிப்ரோலைசின், வளர்ச்சிக் காரணி போலச் செயல்படுவதாகச் சொல்லி நம் நாட்டிலும் விற்கப்படுகிறது. 12 மணி நேரத்துக்குள் தொடங்கி 1070 பேரிடம் நடந்த சோதனையில் அதற்கு வேறுபாடு தெரியவில்லை. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, பயிற்சியோடு சேர்த்து 21 நாள் கொடுத்த, 208 பேர் கொண்ட சோதனையில் கைச் செயல் மேம்பட்டது. இரண்டாவது முடிவு நான் சொல்லிவரும் கருத்தோடு அழகாகப் பொருந்துகிறது. அதனாலேயே அதை நான் கூடுதல் கவனத்தோடு படித்தேன்: சோதனை சிறியது, மருந்தைத் தயாரிப்பவரே செலவு செய்தது. 48 மணி நேரத்துக்குள் தொடங்கிய சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த, மருத்துவ ஆதாரங்களைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு, இறப்பைக் குறைப்பதில் இந்த மருந்துக்குப் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்றும், கடுமையான சில பக்கவிளைவுகள் கூடலாம் என்றும் எச்சரித்தது. கை விளங்காமல் கிடக்கும் ஒருவரின் வீட்டார், நகையை வைத்து இத்தகைய ஊசியை வாங்குவதற்கு இந்த ஆதாரம் போதாது.

எலிகளைப் பற்றி இன்னொரு செய்தி. எலிகள் இரவில் விழித்திருப்பவை. ஆய்வகங்கள் பகலில் இயங்குபவை. அப்படியானால் ஆய்வுகளில் எலிக்குப் பக்கவாதம் வருவது அதன் உறக்க நேரத்தில். மூளைக் காப்பு மருந்துகள் சிலவற்றை இரவும் பகலும் மாற்றிச் சோதித்த 2020ஆம் ஆண்டு ஆய்வு, உறக்க நேரத்தில் வேலை செய்த மருந்து, விழிப்பு நேரத்தில் வேலை செய்யவில்லை என்று காட்டியது. விலங்கிலோ ஆய்வுக்கூடத்திலோ பக்கவாதத்துக்காகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் 2006ஆம் ஆண்டுக் கணக்கின்படியே 1026. அவற்றுள் எத்தனை, மருந்து சரியாக இருந்தும் மணி தவறியதால் கைவிடப்பட்டனவோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஊசியை விட்டுவிட்டால், வளர்ச்சிக் காரணிகளைக் கூட்டும் வழி ஒன்று உண்டு. அசைவும் பயிற்சியும் மூளையில் பி.டி.என்.எஃப். அளவைக் கூட்டுகின்றன என்பது விலங்குகளில் பலமுறை உறுதிப்பட்டது. இதற்கும் காலக்கணக்கு உண்டு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி அடிக்கடி நடக்கவைத்தால் நல்லதா என்று 2104 பேரிடம் நடந்த சோதனை 2015ல் வெளியானது. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள், அப்படி விரட்டி எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களில் 50 சதவீதம். அவசரம் இங்கும் கெடுத்தது. 2021ல் வெளிவந்த, 72 பேர் கொண்ட இன்னொரு சோதனையில், வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு காலங்களில் கொடுத்தார்கள். முதல் மாதத்தில் பெற்றவர்களுக்கு ஓரளவு பலன். இரண்டாம் மாத முடிவிலிருந்து மூன்றாம் மாத முடிவுக்குள் பெற்றவர்களுக்கே எல்லோரிலும் கூடுதல் பலன். ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அந்த இரண்டாவது கடிகாரம் மனிதரிடமும் ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவீட்டை நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்து வழக்கமோ இதற்குத் தலைகீழ். முதல் வாரம் முழுக் குடும்பமும் மருத்துவமனை வராந்தாவில் கிடக்கும். கையில் உள்ளதெல்லாம் அப்போதே செலவாகும். இரண்டாம் மாதத்தில் ஆட்டோவுக்குக் காசில்லை, கூட்டிப் போக ஆளில்லை, "இனிமே வர்றது வரட்டும்" என்று பிசியோதெரபி நின்றுபோகும். கை எந்த மாதத்தில் பயிற்சிக்குத் தயாராகிறதோ, அந்த மாதத்தில் அது சும்மா கிடக்கும்.

அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன்; ஊசி வாங்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையையும் அடைப்பைத் தடுக்கும் மாத்திரையையும் நாள் தவறாமல் கொடுத்தார்கள். ஒன்பதாவது வாரம் நான் போனபோது பெரியம்மா திண்ணையில் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை (நிலக்கடலை) உடைத்துக்கொண்டிருந்தார். இடது கை பின்னால், புடவைத் தலைப்பில் தளர்வாகக் கட்டியிருந்தது. பயிற்சி தரும் பெண் அப்படிக் கட்டச் சொன்னதாகச் சொன்னார். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓட்டின் மேல் சேர்ந்தன, நழுவின, மறுபடி சேர்ந்தன. ஒரு மல்லாட்டை உடைய ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. முறத்தில் உடைத்த பருப்பு ஒரு கைப்பிடி இருந்தது. காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருப்பதாக அண்ணி சொன்னார்.